கிழக்கே சருகு மக்குவதில்லை

அம்மை பிறந்த வீடு குலசேகரத்தில். அப்பாவின் விளை ஆரல்வாய்மொழிப் பக்கம், முப்பந்தல் காற்றாடிகள் சுற்றுவது தெரிகிற தூரத்தில். விளை என்றால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வயல் அல்லாத மேட்டு நிலம். தெங்கும் பனையும் கொல்லாமாவும் (முந்திரி) நிற்கிற இடம். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் மழை மாறிவிடும், மண் மாறிவிடும், பேச்சும் கொஞ்சம் மாறிவிடும். கீழே விழுந்த ஒரு ஓலையின் கதியும் மாறிவிடும் என்பது எனக்குத் தெரியவர நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

குலசேகரத்தில் ரப்பர் மூடுகளுக்கு நடுவே நடந்தால் சருகு காலடியில் மெத்தென்று அமுங்கும். மேல் அடுக்கைக் காலால் தள்ளினால் உள்ளே கறுத்து நனைந்த இன்னொரு அடுக்கு. அதில் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருக்கும், பூஞ்சை. இன்னும் கிளறினால் இலையா மண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று வரும். மண்புழு நெளியும். எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் ஐப்பசி மழையும் மாறி மாறி நனைத்துக்கொண்டே இருந்தால் அப்படித்தான். அங்கே மக்குவது என்பது யாரும் செய்ய வேண்டாத வேலை. தானாக நடக்கும்.

ஆரல்வாய்மொழியில் மலைத்தொடர் முடிகிற இடத்துக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் காற்று வரும் பாருங்கள், கொடியில் போட்ட வேட்டி அரை மணி நேரத்தில் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். மேற்கே கொட்டித் தீர்த்த மேகம் இங்கே வந்து சேரும்போது வெறும் நிழல்தான். ஓலை விழுந்தால் முதல் வாரத்திலேயே ஈரம் போய்விடும். அப்புறம் மிதித்தால் முறுக்கு நொறுங்குகிற சத்தம் வரும். பூஞ்சை நூலைத் தேடினாலும் கிடைக்காது. பாக்டீரியாவும் பூஞ்சையும் வேலை செய்ய, இலைமேல் ஒரு மெல்லிய ஈரப்படலமாவது வேண்டும். அது இல்லாவிட்டால் அவை செத்துப்போவதில்லை, மழையை எதிர்பார்த்துத் தூங்கிவிடும்.

அப்படியானால் ஒரு கேள்வி வர வேண்டும். பாட்டா காலத்திலிருந்து அந்த விளையில் ஓலையும் மட்டையும் கொதும்பும் (காய்ந்த பாளை மடல்) விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒரு தென்னை வருஷத்துக்குப் பன்னிரண்டு, பதிமூன்று ஓலையாவது கழிக்கும். மக்கவில்லை என்றால் இந்நேரம் விளை கழுத்தளவு சருகில் முங்கியிருக்க வேண்டுமே? அடுப்புக்குக் கொண்டுபோனது போக மிச்சமெல்லாம் எங்கே போயிற்று? சின்ன வயதில் ஒருநாளும் எனக்கு இது தோன்றியதில்லை.

தோன்றாததற்குக் காரணம், செதலை நான் முதலில் அறிந்தது திருடனாக. கரையான் என்று புத்தகத்தில் படித்தது பிறகுதான். எங்கள் வாயில் அது செதல், ஏட்டில் எழுதினால் சிதல். திருநெல்வேலிக்காரர்கள் செல் என்பார்கள். செல்லரித்த ஏடு என்பது அந்தச் செல்தான், கையில் வைத்திருக்கும் போன் அல்ல. அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் இரண்டு மூலப் பத்திரங்களும் இருந்த மரப்பெட்டியை ஒருநாள் திறந்தார். மேலே எல்லாம் சரியாக இருந்தது. கையில் எடுத்தபோது அட்டை மட்டும் வந்தது. உள்ளே தாளிருந்த இடத்தில் அதே கனத்துக்கு, அதே நீளம் அகலத்துக்குச் செம்மண் இருந்தது. அச்சு வார்த்தது மாதிரி. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பத்திரங்களுக்கு நகல் எடுக்க அவர் அலைந்த அலைச்சல் தனிக் கதை. அன்றிலிருந்து அவருக்குச் செதல் என்றால் ஜென்மப் பகை.

அதனால் 2017இல் அவர் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

நவம்பர் 30 ஒக்கி புயல். கடலுக்குப் போனவர்கள் திரும்பாத துக்கத்துக்கு முன்னால் மரம் விழுந்ததைப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் விழுந்தது விழுந்ததுதான். மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்து கிடந்தன. எங்கள் விளையில் பதினொரு தென்னை, இரண்டு பனை, ஒரு பெரிய கொல்லாமாவு. தடியை அறுத்துக் கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த ஆளும் பனைக்கு மட்டும் விலை சொன்னார். மண்டையும் ஓலையும் கொம்புமாக விளையே குப்பைமேடு ஆனது.

"இவ்வளவு சருகு கெடந்தா செதல் கூட்டங்கூட்டமா வரும். அப்புறம் புதுசா வைக்கிற தைய எல்லாம் அரிச்சிரும்," என்றார் அப்பா. தை என்றால் தென்னங்கன்று. கடையில் கேட்டு ஒரு மருந்து வாங்கி வந்தார். சொன்ன அளவைவிடக் கூடுதலாகவே கலக்கி, ரோட்டுப் பக்கத்து அரை விளைக்கு ஊற்றினார். ஓடைப் பக்கம் போவதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது. இனி ஒருநாள் பார்க்கலாம் என்று விட்டார், பார்க்கவே இல்லை.

இரண்டு கோடை கழித்து விடுமுறைக்குப் போனேன். ரோட்டுப் பக்கத்து ஓலை விழுந்த கோலத்திலேயே கிடந்தது. வெயில் பட்டு வெளுத்திருந்ததே தவிர, ஒரு கீற்றுகூடக் குறையவில்லை. ஓடைப் பக்கம் போனால் தரை தெரிகிறது. தென்னந்தடி இருந்த இடத்தில் வெளி வைரம் மட்டும் ஓடாய் நிற்க, உள்ளே இருந்த சோறு முழுக்க மண். கொல்லாங்கொம்புகள் காணவில்லை. பனந்தடியின் கறுப்பு வைரத்தை மட்டும் ஒன்றும் தொடவில்லை. அதைத் தொட எந்தப் பல்லாலும் முடியாதுபோல.

விளையைப் பார்த்துக்கொண்டிருந்த பனையேறிப் பாட்டாவிடம் (சொந்தப் பாட்டா அல்ல, ஊருக்கே பாட்டா) காட்டினேன். அவர் அந்த வெளுத்த குவியலைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "செதலையும் கொன்னுட்டு சருகையும் பெறக்காமப் போட்டா, ஆரு தின்னுவா மக்களே? நீயா?"

அந்த வருஷம் சித்திரையில் அப்பா அந்தக் குவியலுக்குத் தீ வைத்தார். காற்று திரும்பியது. வேலியோரத்து வடலிகள் (இளம் பனைகள்) ஏழும் கருகின.

*

பாட்டாவின் கேள்வி மண்டைக்குள் இருந்துகொண்டே இருந்தது. படிக்க ஆரம்பித்தேன். அப்பா தெரியாமல் செய்த அரை விளைச் சோதனையை அமெரிக்காவில் தெரிந்தே செய்திருக்கிறார்கள். நியூ மெக்சிகோவின் சிவாவா பாலைவனத்தில் வால்டர் விட்ஃபோர்டும் கூட இருந்தவர்களும் சில பாத்திகளில் மருந்து போட்டுக் கரையானை ஒழித்தார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். 1986இல் வெளிவந்த அவர்கள் கட்டுரையில் என்னை உட்காரவைத்தது சருகுக் கணக்கு அல்ல, தண்ணீர்க் கணக்கு. செடி கொடி அதிகம் இல்லாத வெற்றுத் தரையில், கரையான் இருந்த மண் மணிக்கு சுமார் 88 மில்லிமீட்டர் மழையை உள்ளே வாங்கியது. கரையான் போய் நாலு வருஷமான மண் வாங்கியது சுமார் 51. மிச்சம் மேலே ஓடிப்போயிற்று. கரையான் சருகைத் தேடி மேலே வரப் போட்ட வழிகள்தான் தண்ணீர் கீழே போகிற வழிகளும். வழி போட ஆள் இல்லாதபோது பழைய வழி தூர்ந்துபோகிறது.

ஐப்பசியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் மழை பெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது உறைக்கும். பத்து நாளுக்கு ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு சாயங்காலம் வானம் கிழியும். அரை மணி நேரத்தில் விளை முழுக்கச் செந்தண்ணீர் ஓடி ஓடையில் விழும். மறுநாள் தரையைக் கிளறினால் ஒரு சாண் கீழே பொடி மண். அந்த அரை மணி நேரத்து மழையில் எவ்வளவை மண் பிடித்துவைக்கிறது என்பதுதான் கிழக்குப் பக்கத்து விவசாயம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை வயல்களில் செய்த ஒரு சோதனையும் இதே போக்கில் போகிறது. எறும்பையும் கரையானையும் விட்டுவைத்த இடத்தில், மருந்தடித்து ஒழித்த இடத்தைவிடக் கோதுமை விளைச்சல் 36 சதவீதம் கூடுதல் என்று 2011இல் எழுதினார்கள். மண்ணுக்குள் தண்ணீர் கூடுதலாக இறங்கியதும், தழைச்சத்து கூடியதும் காரணங்கள். பர்கினா ஃபாசோவில் யாகூபா சவடோகோ என்ற விவசாயிக்கு இந்தக் கட்டுரை எதுவும் தேவைப்படவில்லை. பாறையாய் இறுகிப்போன நிலத்தில் கோடையிலேயே குழி வெட்டி, சாணமும் பயிர்க் குப்பையும் போட்டுவைப்பார். குப்பைக்குக் கரையான் வரும். வந்தது துளை போடும். மழை வந்தால் அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்கும், விதைப்பு அதிலே. ஸாயி என்று அவர்கள் சொல்கிற பழைய முறைதான், அவர் அதைப் பெரிதாக்கினார். 2018இல் அவருக்குப் பெரிய சர்வதேச விருது கிடைத்தது, 2023இல் இறந்தார். நம் ஊரில் ஒருவர் செதலுக்கு விருந்து வைத்துக் குழி வெட்டினால் பைத்தியம் என்பார்கள். அங்கேயும் முதலில் அவரை அப்படித்தான் சொன்னார்களாம்.

*

கட்டுரை படித்ததோடு விட்டிருக்கலாம். எனக்குக் கை அரித்தது. மாவு அரிக்கிற எவர்சில்வர் அரிப்பு நாலைந்து வாங்கி, அந்தக் கம்பிவலையைக் கழற்றிச் சின்னச் சின்னப் பைகளாகக் கம்பியால் தைத்தேன். (கடைக்காரர் "வீட்ல விசேஷமா?" என்று கேட்டார்.) இன்னொரு வகைப் பை, உள்ளி (வெங்காயம்) மூட்டை கட்டி வருகிற சிவப்பு வலை. உள்ளி வலைக்குள் செதல் தாராளமாகப் போகும், அரிப்பு வலைக்குள் போக முடியாது. துணிப்பையோ நைலானோ ஆகாது, கடித்து ஓட்டை போட்டுவிடும். ஒவ்வொன்றிலும் நூறு கிராம் காய்ந்த தென்னோலைக் கீற்று. வகைக்கு மூன்றாக ஆறு பை ஆரல்வாய்மொழியில், ஆறு பை குலசேகரத்தில் பாட்டி வீட்டுப் பின்புறம். தை மாதத்தில் வைத்தேன். ஆடியில் எடுத்தேன்.

குலசேகரத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அரிப்பு வலையோ உள்ளி வலையோ, கீற்று கறுத்து, தொட்டால் பிய்ந்தது. ஒரு பையை நாய் கொண்டுபோய்விட்டது. பாட்டி அதற்கு என்னைத்தான் ஏசினாள். ஆரல்வாய்மொழியில் அரிப்பு வலைக்குள் இருந்த கீற்று வைத்த நாளில் இருந்த அதே பழுப்பு. எடுத்து அதில் ஆணியால் பெயர் எழுதலாம். உள்ளி வலைப் பைகளைத் தூக்கியபோது கனமாக இருந்தன. அவிழ்த்தால் உள்ளே செம்மண்ணும், நாலைந்து ஈர்க்கிலும். அரிப்புப் பைகளில் ஒன்றுக்கு என் தையல் சரியில்லை, மூலையில் ஒரு விரல்நுனி இடைவெளி. அதையும் கண்டுபிடித்து உள்ளே போய் முக்கால்வாசி முடித்திருந்தது. ஒழுங்கான ஆய்வு ஒன்றும் இல்லைதான். கம்பிவலை போட்டால் நிழலும் ஈரமும்கூட மாறும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் எனக்குப் போதும். மேற்கே மக்க வைப்பது மழை. கிழக்கே செதல்.

ஆறு கண்டங்களில் 133 இடங்களில் பைன் மரத்துண்டுகளை வைத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2022இல் வந்தது. வெப்பம் 10 டிகிரி கூடினால், நுண்ணுயிர்கள் மரத்தை மக்கச் செய்கிற வேகம் இரண்டு மடங்குக்குள்தான் கூடுகிறது. கரையான் செய்கிற வேகம் ஆறரை மடங்குக்கும் மேலே போகிறது. வெயிலும் வறட்சியும் கூடக்கூட, மக்கும் வேலை நுண்ணுயிர் கையிலிருந்து கரையான் கைக்கு மாறுகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

வெயிலில் பூஞ்சையால் முடியாததை அது எப்படிச் செய்கிறது? ஈரத்தைக் கூடவே சுமந்துகொண்டு வருகிறது, அவ்வளவுதான். விழுந்து கிடக்கிற மட்டையின்மேல் செம்மண் பூச்சு படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழேயிருந்து ஈர மண் உருண்டையை வாயில் கொண்டுவந்து, எச்சில் சேர்த்து அப்பி, முதலில் கூரை போட்டுக்கொள்கிறது. பிறகுதான் சாப்பாடு. நான் ஒரு கொதும்பின் மேலிருந்த பூச்சை ஈர்க்கிலால் நீக்கிப் பார்த்தேன். வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே மண் விரலில் ஒட்டியது. வெளிறிய உடம்பும் மஞ்சள் தலையுமாக வேலைக்காரர்கள் சட்டென்று உள்ளே இறங்கினார்கள். நாலைந்து பெரிய தலைகள் மட்டும் இறங்கவில்லை. ஓட்டை விளிம்பில் நின்று கொடுக்கு வாயைத் திறந்து திறந்து மூடின. காய்ந்த கொதும்பு என்பதால் சத்தமும் கேட்டது, சரசரவென்று தூறல் மாதிரி. பத்து நிமிஷத்தில் ஓட்டை அடைபட்டது. பெரிய தலையில் இரண்டு வெளியிலேயே நின்றுவிட்டன. அவற்றுக்குத் திரும்பிப் போக வழி வைக்காமலே அடைத்துவிட்டார்கள்.

*

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வாய்த்தது ஜே.சி.பி. புண்ணியத்தில். பக்கத்து விளையில் குழாய் பதிக்கக் குழி எடுத்தபோது எங்கள் எல்லையில் இருந்த பழைய புற்றின் ஒரு பக்கத்தை வாளி வழித்துக்கொண்டு போயிற்று. வழித்தது என்று சுலபமாக எழுதிவிட்டேன். வாளி இரண்டு தடவை வழுக்கியது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்: கரையான் எச்சில் கலந்து கட்டிய மண், அதே மண் சும்மா இருப்பதைவிடப் பத்து மடங்கு உறுதி. பாட்டி அடுப்பு போடப் புற்றுமண்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது இதற்குத்தான்.

வெட்டுப்பட்ட சுவரில் தேங்காய் அளவுக்கு அறைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் பழுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று, மடிப்பு மடிப்பாக, மூளை படம் போட்டிருப்பார்களே அதைப் போல. கையில் எடுத்தால் கனமே இல்லை. அதன் மடிப்புகளில் கசகசா தூவியது போல வெள்ளை மணிகள். கட்டைவிரலால் நசுக்கினேன், நனைந்த மாவு மாதிரி போயிற்று. வாசனை காளான் வாசனை.

இதுதான் அவற்றின் தோட்டம். நம் பக்கத்துச் சமவெளியில் சாதாரணமாகக் காணப்படும் ஓடோன்டோடெர்மிஸ் இனக் கரையான்களுக்கு மரத்தைத் தாங்களாக முழுக்கச் செரிக்க முடியாது. மென்று, அரைகுறையாக வயிற்றைக் கடத்தி, இந்தப் பஞ்சின் மேல் அப்பிவைக்கின்றன. டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சை அதில் வளர்ந்து, மரத்தின் கடினமான பகுதியைச் சிதைத்துக் கொடுக்கிறது. பழசாகிப் பதமானதும் கரையான் அதைத் திரும்பத் தின்கிறது. வெள்ளை மணிகளையும் தின்கிறது. இந்தப் பூஞ்சைக்கு வெளியில் வாழ்வு இல்லை. வெயில்காட்டில் அதற்கு ஈரமும் ஒரே சீரான சூடும் கிடைக்கிற இடம் புற்றுதான். மழைக்குப் பிறகு புற்றின் மேல் குடைபிடித்து வருகிற காளான் அதனுடைய பூ. மேற்கே அதைக் கூண் என்று பறித்துவந்து தேங்காய் அரைத்து வைப்பார்கள். கோழிக்கறியெல்லாம் பக்கத்தில் நிற்காது. மனிதன் விவசாயம் செய்ய வந்தது பத்தாயிரம் வருஷக் கணக்கு. இந்தக் கூட்டாளித்தனம் ஆப்பிரிக்காவில் தொடங்கி ஏறத்தாழ மூன்று கோடி வருஷம் ஆகிறது. குலசேகரத்துப் பூஞ்சையை ஆரல்வாய்மொழியில் தேடிக் காணவில்லை என்று முதலில் எழுதினேன் அல்லவா. இருந்தது, தரைக்குக் கீழே, வேலைக்காரர் வைத்து.

வெள்ளெறும்பு என்று சொல்வது தப்பு என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். எறும்புக்கும் இதற்கும் பகைதான் உண்டு, உறவு இல்லை. உறவு கரப்பானோடு. 2007இல் மரபணு பார்த்து, கரையான் என்பது கூட்டமாய் வாழப் பழகிய ஒருவகைக் கரப்பான்தான் என்று கரப்பான் வரிசையிலேயே சேர்த்துவிட்டார்கள்.

ஜே.சி.பி. ஓட்டிய தம்பி புற்று என்று தெரிந்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் மறுபடி ஏறினான். எங்கள் மாவட்டத்தில் இது ஆச்சரியமில்லை. மண்டைக்காட்டில் பகவதியே புற்றுதான். பதினைந்தடி உயரம், சந்தன முகம் சார்த்தியிருக்கும். மாசிக் கொடைக்கு அம்மை என்னைக் கூட்டிப்போவாள், தலைவலிக்கு மண்டையப்பம் வைப்பாள். புற்று வளர்ந்துகொண்டே வருகிறது என்று கூட்டத்தில் யாராவது சொல்ல, எனக்கு மயிர்க்கூச்செறியும். வீட்டுக்கு வந்ததும் அதே அம்மை நிலைக்காலில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, மண்ணெண்ணெய் ஊற்றுவாள். சாமி கோயிலில், செதல் வீட்டில். அவளுக்கு அதில் ஒரு முரணும் தெரிந்ததில்லை. எனக்கும் இப்போது தெரியவில்லை.

*

இயற்கை விவசாயக் கூட்டங்களில் "கரையான் உழவனின் நண்பன்" என்று பேசுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். மண்புழு சருகைத் தின்று எருவாக அங்கேயே போடும். புற்றுக் கரையான் அப்படியில்லை. சருகை வீட்டுக்குக் கொண்டுபோய்விடும். பூஞ்சையும் அதுவுமாகச் சேர்ந்து அதன் கரிமத்தில் பெரும்பகுதியை மூச்சாக விட்டுத் தீர்த்துவிடும். மேற்கே காண்கிற அந்தக் கறுத்த அடுக்கு இங்கே உண்டாகாது. சத்து போய்ச் சேர்வது புற்றில்தான். புற்று கரைந்து பரவ வருஷக்கணக்கு ஆகும், அல்லது நாம் வெட்டிப் பரப்ப வேண்டும். விளையில் பழைய புற்று இருந்த இடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாக நிற்கிறதே, அது இதனால்தான். இடையில் ஒரு பங்கு ஈயலாக, அதாவது ஈசலாக, வெளியே வரும். ஐப்பசி முதல் மழை விட்ட சாயங்காலம் புற்றில் புகை கிளம்புகிற மாதிரி ஈயல் கிளம்பும். கோழி, காக்கா, தவளை, ஓணான், எல்லாவற்றுக்கும் அன்றைக்குக் கல்யாணம். ஒரு காலத்தில் மனிதருக்கும்தான். ஈயலை மோரில் புளிக்கவைத்துச் சமைத்ததைச் சங்கப் பாட்டு சொல்கிறது. நம் காலில் மிதிபடும் ஓலையில் இருந்த தழைச்சத்து, அந்தச் சாயங்காலம் கோழி வயிற்றுக்குள் போய்விடுகிறது.

தென்னந்தையைத் தின்னாதா? தின்னும். ஒக்கிக்குப் பிறகு வைத்த தைகளில் நாலு போயின. எவை போயின என்று பார்த்தால், அப்பா தீ வைத்துத் துடைத்துச் சுத்தமாக்கிய ரோட்டுப் பக்கத்தில், அடுத்த வருஷம் வைத்தவை. மருந்தின் வேகம் தீர்ந்து செதல் திரும்பி வந்திருந்தது. சருகு ஒன்றில்லாத தரையில், கடும் கோடையில், தண்ணீர் காணாமல் வாடி நின்ற தை ஒன்றுதான் அதன் கண்ணுக்குத் தெரிந்த மரம். ஓடைப் பக்கத்தில் குப்பைக்கு நடுவே வைத்த தைகளை அது ஏறிட்டுப் பார்க்கவில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். எங்கள் விளையில் இப்படித்தான் நடந்தது. வீட்டு நிலைக்காலுக்கும் உத்தரத்துக்கும் என்னிடம் கருணை கிடையாது. அங்கே மண்கோடு தெரிந்தால் இன்றைக்கும் நான்தான் முதலில் சுரண்டுவேன்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. நாகர்கோவிலில் என்னோடு இருக்கிறார், விளைக்குப் போக முட்டு விடுவதில்லை. போன சித்திரையில் ஆறு புதுத் தை வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு அடி தள்ளி, கழிந்த ஓலையும் கொதும்பும் கதம்பலும் சேர்த்து ஒரு குவியல், கீழே கொஞ்சம் சாணி. பனையேறிப் பாட்டா உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும்: எச்சிலிலை போட்டுச் செதலைக் கூப்பிடுகிறாயா? ஆமாம் பாட்டா, கூப்பிடத்தான் செய்கிறேன்.

இதை அப்பாவிடம் சொல்லாமல்தான் இருந்தேன். ஆனி மாதம், காற்று தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையில் நிற்கும்போது போன் அடித்தது. காற்றில் பாதி கேட்கவில்லை. தண்ணி ஊற்றினாயா, வேலி இருக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் நிறுத்தினார்.

"அந்தக் குப்பையில செதல் வந்தாச்சா?"

யார் சொன்னார்கள் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. குனிந்து ஒரு மட்டையைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கச் செம்மண், இன்னும் காயாமல்.

"வந்தாச்சுப்பா."

"செரி. அப்ப வச்சிரு," என்று வைத்துவிட்டார்.